ஒரே நீண்ட நடையா, பல குட்டி நடைகளா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், காலையிலேயே அரை மணி நேரம் நடந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அது சரிவராது. இடுப்பைத் தாங்கும் பக்கவாட்டுத் தசைகள் அப்போது பலவீனமாக இருக்கும். அவை களைத்ததும் உடம்பு ஒரு பக்கம் சாயும், நொண்டல் வரும். விடாமல் நடந்தால் அந்த நொண்டலே பழகிவிடும். மாலையில் காலும் வீங்கும்.

5 முதல் 10 நிமிடம், நாளுக்கு 3, 4 முறை என்று பிரித்துக்கொண்டால் களைப்பதற்குள் உட்கார்ந்துவிடலாம். அதைவிட முக்கியம், நாள் முழுக்கக் கால் அவ்வப்போது அசைவதால் மூட்டு இறுகாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். ஒரே நடையோடு நிறுத்தினால் மீதி நேரம் படுக்கையில்தானே போகும்?

நீண்ட நடைக்கும் காலம் வரும். 10 நிமிடம் நொண்டாமல் நடக்க முடிகிறதா, சரி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக 20, 30 நிமிடத்துக்குக் கூட்டலாம். மறுநாள் வலி அதிகமானால் பழைய அளவுக்கே திரும்புங்கள். கைத்தடி அறுவை செய்யாத பக்கத்துக் கையில் இருக்கட்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.