மூக்கில் பெய்யும் மழை: நுவரெலியாக் குளிரில் ஒரு சீபேப் கருவி

பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போன என் சீபேப் கருவி போன கிழமைதான் திரும்பி வந்தது. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்காதபடி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் பெட்டி அது. அதே நேரத்தில் ஹட்டனில் வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் அழைத்து, "அண்ணே, எனக்கும் அந்தத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். மெஷின் வாங்கலாமா?" என்று கேட்டார். தொலைபேசியில் சொன்னது அரைகுறை. ஆத்திரம் ஆறுவதற்குள் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பரிசோதனை. அதைத் தள்ளிப்போட வேண்டாம். குறட்டை விடுகிறவர் எல்லோரும் நோயாளி அல்லர். ஆனால் குறட்டை நடுவில் அறுந்து, பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்புகிறதென்றால் அது வேறு விஷயம். மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30ஐத் தொட்டால் கடுமை. என் எண் கடுமைப் பக்கத்தில்தான் நின்றது. காலைத் தலைவலியும், மாத்திரைக்கு அடங்காத பிரஷரும், தோட்ட அலுவலகத்தில் தொழிலாளர் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகத்தின் மேலேயே கண் சொருகியதும் ஏனென்று அப்போதுதான் விளங்கியது. நான் புத்தகத்தின் மேல் தூங்கினால் கணக்கு பிழைக்கும், அவ்வளவுதான். இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஓர் இரவு படுக்கவைத்தார்கள். தலையில் பசை வைத்து ஒட்டிய கம்பிகள். கண்ணோரம், தாடை, காலிலும் கம்பிகள். மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டி. மூக்கில் மெல்லிய குழாய். விரல் நுனியில் ஒட்சிசன் அளக்கும் சிவப்பு விளக்கு. "இத்தனையோடு எப்படித் தம்பி தூங்குவது?" என்று கேட்டேன். "எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் சேர். பிறகு எல்லோரும் தூங்கியும் விடுகிறார்கள்" என்றார் கம்பிகளை ஒட்டிய இளைஞர். தூங்கினேன். நடுச்சாமத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல்: "சேர், கொஞ்சம் மல்லாந்து படுங்கள்." மல்லாந்து படுத்தால்தான் பலருக்குத் தொண்டை அதிகமாக அடைபடும், அதையும் பதிவு செய்ய வேண்டுமாம். வீட்டுக்கு வந்து முழுகிய பிறகும் அந்தப் பசை காதோரம் பொருக்காக ஒட்டியிருந்தது.

கருவியின் நன்மையை மறைக்க மாட்டேன். தலைவலி போனது. கனவுகள் திரும்பி வந்தன. நான் எதிர்பாராதது வேறொன்று: இரவில் சிறுநீர் கழிக்க எழுவது நின்றுபோனது. மூச்சுத் தடைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று வைத்தியர் சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னிரவில் கம்பளியை விலக்கிக்கொண்டு, சீமெந்துத் தரையில் கால் வைத்து, வெளிக் கழிவறைக்குப் போய் வருகிறவனுக்குத்தான் இந்தச் சுகத்தின் பெறுமதி தெரியும்.

இனி என் கோபம். இந்தக் கருவி தண்ணீரைச் சூடாக்கி ஈரக் காற்றைக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. குழாய் கிடப்பதோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊரில், ஹீட்டர் இல்லாத அறையில். கேத்தல் மூடியின் உட்புறம்போலக் குழாய் முழுவதும் வியர்க்கிறது. துளிகள் வழிந்து பள்ளமான இடத்தில் சேர்ந்து ஒவ்வொரு மூச்சுக்கும் கொளகொளவென்கின்றன. விடியற்காலையில் புரண்டு படுத்தால் அத்தனையும் மாஸ்க்குக்குள். நல்ல தூக்கத்தில் இருப்பவனின் மூக்கில் குளிர்ந்த தண்ணீர்!

விற்றவரிடம் முறையிட்டால், "கொழும்பில் யாரும் இப்படிச் சொல்லவில்லையே சேர்" என்கிறார். சொல்ல மாட்டார்கள்தான். வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் படுத்த இரவுகளில் எனக்கும் ஒரு சொட்டு வரவில்லை. ஈரப்பதத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் மூக்கு காய்ந்து அடைக்கிறது, வாய் திறந்துகொள்கிறது, காற்று வீணாகிறது. இப்போது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் சூட்டுத் தட்டு பழுதாகியபோதும் முதல் கேள்வி, "குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்களா?" என்பதுதான். எங்கள் பீலித் தண்ணீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் அதை நான் ஊற்றியதே இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். தட்டை மாற்றித் தந்தார்கள். மழை நிற்கவில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. குழாயின் சுவருக்குள்ளேயே கம்பி ஓடும் சூடேறும் குழாய் விற்கிறார்கள், தனி விலைக்கு. கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடும். குழாய்க்கு உறை போட்டாலும் குறையும். என் மனைவி பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டித் தைத்துத் தந்த உறை, கொழும்பிலிருந்து கிடைத்த ஆலோசனைகள் அனைத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது. கருவியைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய குறையில்லை. குளிர் அறைக்குச் சூடேறும் குழாய் தேவை என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நுவரெலியா முகவரியைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொண்டே அதைச் சொல்லாமல் விட்டவர்மேல்தான் குறை.

மின்சாரம் இல்லாவிட்டால் கருவி வெறும் பெட்டி என்பதையும் கணக்கில் எடுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனதே, அந்த ஞாயிற்றுக்கிழமை என் பகல் தூக்கமும் போனது. பகலில் கண்ணயர்ந்தாலும் மாஸ்க் வேண்டும்.

ஆகவே, தம்பி, பரிசோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள். வைத்தியர் சொன்னால் கருவியும் வாங்குங்கள். ஆனால் சூடேறும் குழாயின் விலையைச் சேர்த்துக் கேட்டுவிட்டுக் காசை எண்ணுங்கள். "ஹட்டனில் அவ்வளவு குளிர் இல்லையே" என்று கடைக்காரர் சொன்னால், ஆடி மழையில் உங்கள் வீட்டில் ஓர் இரவு படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கருவி இல்லாமல் இனி ஓர் இரவும் என்னால் படுக்க முடியாது. மதிப்பெண், ஐந்துக்கு இரண்டு. சித்திரையில் கேட்டிருந்தால் நான்கு போட்டிருப்பேன்.