மணிக்கட்டில் மின்னிய பொறிகள்

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்காக ஆறு ஆண்டுகளாக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்து வருகிறேன். இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மதுரைக்கு வந்த முதல் வாரமே வலது மணிக்கட்டு காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தது. ஆனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாகவே இருந்ததால், மருத்துவர் மணிக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதித் தந்தார்.

ஸ்கேன் சென்டரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகைக்குக் கீழே, தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருந்த கர்ப்பிணிகளோடு, அம்மாவும் நானும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே இருந்தவர், தோல் வெளுக்கும் அளவுக்கு, ஸ்கேன் கருவியில் உடல்மேல் வைக்கும் பகுதியான புரோபை அழுத்தி, இரண்டே நிமிடத்தில் முடித்து, 'டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை, இயல்பு' என்று எழுதிக் கொடுத்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறிக்கையைப் படித்த மருத்துவர், "அழுத்திப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வியாழக்கிழமைதோறும் தாம் ஸ்கேன் பார்க்கும் மருத்துவமனைக்கு வரச் சொன்னார். அங்கே மணிக்கட்டின் மேல் ஜெல்லைக் குவித்து, தோலில் பட்டும் படாமலும் புரோபைப் பிடித்தார். மூட்டுச் சவ்வு கருஞ்சாம்பல் நிறத்தில் தடித்துத் தெரிந்தது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டதும் அதற்குள் ஆரஞ்சுப் பொறிகள் நாடித்துடிப்போடு சேர்ந்து மின்னின. சற்றே அழுத்திக் காட்டினார், அத்தனையும் அணைந்தன. "அது என்ன தம்பி மின்னுது?" என்றார் அம்மா. "சவ்வுல அழற்சி இருக்கும்மா, அதான் ரத்தம் கூடுதலா ஓடுது. அழற்சிக்கு மூணுக்கு ரெண்டு மார்க்" என்றார் அவர்.

லெஸ்டரில் செவிலியர் 28 மூட்டுகளையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்துக் கணக்கிடுவார். புரோபை யாரும் எடுத்ததில்லை. வழக்கமான கண்காணிப்புக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டாம் என்பது அங்கு சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் நியாயம் இருக்கிறது: நார்வேயில் 238 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான, ஆர்க்டிக் எனப் பெயரிட்ட முடக்குவாத ஆய்வில், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்து மருந்தை மாற்றியவர்கள், பார்க்காதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலான நிலையை எட்டவில்லை. ஆனால் ரத்தம் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லும் என்னைப் போன்றவருக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா? அதுவும், மருந்தை முடிவு செய்பவரே பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு தனி.

மெத்தோட்ரெக்சேட்டை 15 மில்லிகிராமிலிருந்து 20 ஆக உயர்த்தலாம் என்று லெஸ்டர் மருத்துவருக்கு அவர் கடிதம் எழுதித் தந்தார். ஸ்கேன் படம் வழவழப்பான வெப்பத்தாளில் அச்சானது, நாளடைவில் மங்கிவிடும் என்பதால், அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆடாமல் இருக்க அம்மா இரு கைகளாலும் தாளைப் பிடித்துக்கொண்டார்.