மேற்கோள் காட்ட எந்த வழிகாட்டியை நம்புவது?

வழிகாட்டி பழசா என்று கண்டுபிடிக்க ஒரு நூல் குறிப்பு போதும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ மேற்கோள் முறையில் பதிப்பகத்துக்கு முன்னால் ஊர்ப் பெயர் இருந்தால் அது 6-ஆம் பதிப்பையோ அதற்கு முந்தையதையோ பார்த்து எழுதியது. 2019 அக்டோபரில் வந்த 7-ஆம் பதிப்பு ஊரை நீக்கிவிட்டது; டிஓஐ எண்ணை (ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிரந்தர எண்) முழு இணைய முகவரியாகவே தரச் சொல்கிறது; மூன்று பேர் சேர்ந்து எழுதியதற்கு உரைக்குள் முதல் தடவையே 'மற்றும் பிறர்' போடச் சொல்கிறது. கல்லூரிகளில் கைமாறும் பிடிஎஃப்கள் பலவும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஏபிஏ மட்டும் வேண்டுமென்றால் அவர்களுடைய ஏபிஏ ஸ்டைல் தளமே போதும். கையேட்டுக்குத்தான் காசு; நூல், இதழ், யூடியூப், தரவுத்தொகுப்பு என்று வகைவாரியான மாதிரிகள் இலவசம். எம்எல்ஏ (சட்டமன்ற உறுப்பினர் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை; 2021-இன் 9-ஆம் பதிப்பு), சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் சிகாகோ முறை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பர்டூ பல்கலைக்கழகத்தின் பர்டூ ஆவுல் தளம் வசதி. அபூர்வ வகைகளுக்கு அது கைகொடுக்காது.

சிகாகோவில் அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்-ஆண்டு முறை என்று இரண்டு உண்டு. இரண்டையும் கலந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2024-இன் 18-ஆம் பதிப்பும் நூல்களுக்கு ஊர்ப் பெயர் கட்டாயமில்லை என்கிறது. கட்டுரை அனுப்பும் இதழுக்குத் தனி விதி இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் மேல் அதுதான்.

கூகுள் ஸ்காலரின் மேற்கோள் குறியைத் தட்டினால் நொடியில் வரி கிடைக்கும். ஆனால் டிஓஐ பெரும்பாலும் இருக்காது. மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருள் இலவசம், டிஓஐ எண்ணைக் கொடுத்தால் விவரங்களை அதுவே இழுத்துக்கொள்ளும். எங்கள் தேர்வு இதுதான். தமிழ்ப் பெயரில் மட்டும் கண் வேண்டும். 'முருகன் கந்தசாமி' என்று அச்சானால் கடைசிச் சொல் குடும்பப் பெயராகி, பட்டியலில் 'கந்தசாமி, மு.' என்று அப்பா ஆசிரியராகிவிடுவார். ஸோட்டெரோவில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரு பெட்டிகளிலும் உள்ளதை இடம் மாற்றினால் சரியாகும். தமிழ் ஆய்வேட்டில் 'க. முருகன்' என்றே வர வேண்டுமானால் பெயருக்குப் பக்கத்திலுள்ள பொத்தானால் ஒற்றைப் பெட்டிக்கு மாற்றலாம். அப்போது அகர வரிசை 'மு'வில் நிற்காமல் 'க'வுக்குப் போய்விடும்; கடைசியில் வேர்டில் கையால் நகர்த்த வேண்டியதுதான்.