மாத்திரையா, ஆணுறையா: கவுன்சலிங்கில் எதைச் சொல்வது?

"அதான் மாத்திரை போடுறேனே, அப்புறம் காண்டம் எதுக்கு?" ஹெச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையைத் தொடங்குபவருக்கு இயல்பாக எழும் கேள்வி. "இரண்டும் கட்டாயம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஆணுறை போடாதவர் அடுத்த முறை உண்மையைச் சொல்லத் தயங்குவார். எது எதைக் காக்கும் என்று விளக்குவதே சரி என்பேன்.

ஹெச்.ஐ.வி.யை மட்டும் எடுத்துக்கொண்டால் மாத்திரையின் கைதான் ஓங்கியிருக்கிறது. தினமும் தவறாமல் போட்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பு சுமார் 99% குறைகிறது. எப்போதும் ஆணுறை அணியும் ஆண்-பெண் இணைகளில் இது ஏறத்தாழ 80%. ஆனால் 'தவறாமல்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். 2010-ல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வில், மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பு 44% தான். ரத்தத்தில் மருந்து தென்பட்டவர்களிடம் அது 92%.

மற்ற பால்வினை நோய்கள் என்று வந்தால் ஆணுறைதான். கொனோரியா, கிளமிடியா, சிஃபிலிஸ் எதையும் மாத்திரை தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. தோலோடு தோல் பட்டுப் பரவும் சிஃபிலிஸை ஆணுறையாலும் முழுதாகத் தடுக்க முடியாது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆணுறைக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். மாத்திரைக்கு முன் ஹெச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி மூன்றையும் பார்க்க வேண்டும். தெரியாமல் ஹெச்.ஐ.வி. ஏற்கெனவே இருந்தால், சிகிச்சைக்குப் போதாத இந்த மருந்துக்கு வைரஸ் பழகிவிடக்கூடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆணுறையைப் போட வேண்டியவர் ஆண். கணவர் மறுத்தால் மனைவி என்ன செய்வாள்? "கட்டாயம் போடச் சொல்லும்மா" என்று அனுப்பினால் வீட்டில் அடிதான் மிஞ்சலாம். மாத்திரையோ அவள் கையிலேயே இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை மாத்திரையைத்தான் முதலில் வைப்பேன். யோனி வழி உறவில் முழுப் பாதுகாப்பு கிடைக்க சுமார் 21 நாள் தினமும் போட வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்த இடைவெளியை அவளிடம் தெளிவாகச் சொல்லி, அந்த நாட்களை எப்படிச் சமாளிப்பது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும்.

மாத்திரை போடுபவர் 3 மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு வர வேண்டும். அப்போதே பால்வினை நோய்ப் பரிசோதனையும் செய்துவிடலாம். "காண்டம் போட்டீங்களா?" என்று விசாரிப்பதைவிட, "எப்பெல்லாம் போட முடியாமப் போச்சு, மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள்.