கிராப்ஸ்: பாஸ் லைனா, டோன்ட் பாஸா?

இங்கிலாந்தின் பழைய ஹாசர்ட் என்ற பகடை ஆட்டம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்து, எளிமையாகி, கிராப்ஸ் ஆனது.

இதில் பாஸ் லைன், டோன்ட் பாஸ் என்று இரண்டு பந்தயங்கள். பாஸ் லைனில், முதல் உருட்டலில் இரண்டு பகடையின் கூட்டு 7 அல்லது 11 விழுந்தால் ஜெயம். 2, 3, 12 என்றால் போச்சு. வேறு எண் வந்தால், 7 விழுவதற்குள் அதே எண் மறுபடி வரவேண்டும். டோன்ட் பாஸ் இதற்கு நேர் எதிர். ஒன்றைத் தவிர: முதல் உருட்டலில் 12 விழுந்தால் பெரும்பாலும் ஜெயம் கிடையாது, வைத்த பணம் அப்படியே திரும்பும். இரண்டு பகடையும் ஆறு காட்டும் அந்த 36-ல் 1 வாய்ப்பில்தான், டோன்ட் பாஸில் காசினோவின் லாபமே இருக்கிறது.

வைக்கும் பணத்தில் காசினோவுக்குச் சராசரியாகச் சேரும் பங்கு பாஸ் லைனில் 1.41%, டோன்ட் பாஸில் 1.36%. நூலிழை வித்தியாசம்தான். மேசையே சேர்ந்து ஆர்ப்பரிக்கும் பாஸ் லைன்தான் எனக்குப் பிடித்தது. அப்புறம், எண் நிலைத்தபின் கூடுதலாக வைக்கும் ஆட்ஸ் பந்தயத்தில், இரு பக்கமும் காசினோவின் பங்கு 0.