தனி நாடா, முழு இணைப்பா, விருப்ப இணைவா: குட்டித் தீவுக்கு எது நல்லது?

தூரத்து நாடு ஒன்றின் ஆட்சியில் இருக்கும் தீவுக்கு மூன்று வழிகள் உண்டு என்று 1960-இல் ஐ.நா. பொதுச்சபையின் 1541-ஆம் தீர்மானம் சொன்னது. தனி நாடாகிவிடலாம். அந்தப் பெரிய நாட்டோடு முழுதாகச் சேர்ந்துவிடலாம். இல்லையென்றால் சுயாட்சி நடத்திக்கொண்டு, வேண்டும்போது விலகும் உரிமையோடு இணைந்திருக்கலாம். இந்த மூன்றாவதை விருப்ப இணைவு என்கிறேன். நான் வெகுநாள் தனி நாட்டுக் கட்சிதான். ஒவ்வொரு தீவின் கதையாகப் படிக்கப் படிக்க மூன்றாவதற்கு மாறிவிட்டேன்.

தனி நாடென்றால் கொடியும் ஐ.நா. இருக்கையும் கிடைக்கும். முழு இணைப்பென்றால் பெரிய நாட்டின் பணமும் சட்டமும் வரும். இதெல்லாம் தெரிந்ததே. என் மனத்தை மாற்றியது பாஸ்போர்ட். இரண்டாயிரம் பேர் வாழும் தீவில் இதய அறுவைச் சிகிச்சை நடக்காது, பல்கலைக்கழகமும் இருக்காது. கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். எப்படித் தாண்டுகிறோம் என்பதே கேள்வி.

ஆப்பிரிக்காவின் கிழக்கே, பிரான்ஸின் ஆட்சியில் இருந்த கொமொரோஸ் தீவுகளைப் பாருங்கள். 1974 வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் சுதந்திரம் கேட்டன. மயோட் மட்டும் பிரான்ஸோடு இருக்க விரும்பியது, 2011-இல் அதன் முழு மாவட்டமாகவும் ஆனது. சுதந்திரம் கேட்ட மூன்றில் ஒன்றான அன்ஜுவான் தீவிலிருந்து மயோட் சுமார் 70 கிலோமீட்டர். கொமொரோஸ்காரர்கள் மயோட்டுக்குப் போக 1995-இல் விசா வந்தது. அதுவரை சாதாரணமாகப் போய்வந்த கடலை இன்று குவாசா-குவாசா என்ற சின்ன மீன்பிடிப் படகில் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கிறார்கள். கர்ப்பிணிகளும் அதில் ஏறுகிறார்கள். மூழ்கி இறந்தவர்கள் ஏராளம். சேர்ந்துகொண்ட மயோட்டும் செழிக்கவில்லை. பிரான்ஸின் மிக ஏழை மாவட்டம் அதுதான்.

இப்போது தென் பசிபிக் தீவான நியுவே. 1974 முதல் நியூசிலாந்தோடு விருப்ப இணைவில் இருக்கிறது. சட்டமன்றம், பிரதமர் எல்லாம் தனி. ஆனால் நியுவே மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். தேவையான பொருளாதார, நிர்வாக உதவி தருவது நியூசிலாந்தின் தொடர்ந்த பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக்லாந்துக்குப் போய்ப் படிக்கலாம், சிகிச்சை பெறலாம், அப்புறம் ஊருக்குத் திரும்பலாம்.

கதவு திறந்திருந்தால் ஊர் காலியாகாதா? ஆகிறது. 1960-களில் ஐயாயிரத்தைத் தாண்டிய நியுவேயில் இன்று இரண்டாயிரம் பேர்கூட இல்லை. இது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் திரும்பிவர வழியோடு போவது வேறு, உயிரைப் பணயம் வைத்து ஓடுவது வேறு.

பசிபிக்கில் நியூசிலாந்தின் ஆட்சியில் இருக்கும் டோகெலாவ் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். மூன்று பவளத் தீவுகள், சுமார் 1,500 பேர், விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பலில் வந்து, பவளப்பாறைக்கு வெளியே சிறு படகுக்கு இறங்கிக் கரை சேர வேண்டும். விருப்ப இணைவுக்காக 2006-இலும் 2007-இலும் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இரண்டாம் முறை 16 வாக்கு குறைந்தது. நியூசிலாந்துக் குடியுரிமை அவர்களுக்கு ஏற்கெனவே இருந்ததால், தயங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மக்கள்தொகை பத்து லட்சத்தை நெருங்கும், பிரான்ஸோடு முழுதாக இணைந்த ரெயூனியன் போன்ற தீவுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். விருப்ப இணைவுக்கு விலையும் உண்டு. நியுவே போலவே நியூசிலாந்தோடு விருப்ப இணைவில் இருக்கும் குக் தீவுகள் தனிப் பாஸ்போர்ட் கேட்டபோது, தனி நாடானால்தான் அது முடியும் என்றது நியூசிலாந்து. 2025-இல் குக் தீவுகள் சீனாவோடு ஒப்பந்தம் போட்டதும் 1.82 கோடி நியூசிலாந்து டாலர் உதவியை நியூசிலாந்து நிறுத்திவைத்தது. கோபம் வரத்தான் செய்கிறது. இருந்தாலும் தனிப் பாஸ்போர்ட் திட்டத்தை 2025-இல் கைவிட்டது குக் தீவுகள்தான். அந்த இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.