சாம்பா சர்வரில் பிழை தேடல்: டீபக் லாக்கா, டிசிபிடம்பா, எஸ்ட்ரேஸா?

லினக்ஸ் போன்ற கணினிகளின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுடன் பகிர உதவும் மென்பொருளான சாம்பா இயங்கும் கோப்பு சர்வரில் ஒரே ஒரு பயனருக்கு மட்டும் ஒரு கோப்புறை திறக்க மறுக்கிறது என்றால், காரணம் தேட நிர்வாகியிடம் மூன்று கருவிகள் உள்ளன: சாம்பா தன் செயல்களை எழுதிவைக்கும் டீபக் லாக், நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு ஒரு நிரலிலிருந்து செல்லும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ். பலர் பழக்கத்தால் டிசிபிடம்பில் தொடங்குகிறார்கள். அனுமதிச் சிக்கல்களைப் பொறுத்தவரை அது தவறான தொடக்கம் என்பதே என் கருத்து.

சாம்பா பேசும் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைக்கான 445ஆம் போர்ட்டில் பிடித்ததை, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தால், கிளையன்ட் என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் தந்தது என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் அணுகல் மறுக்கப்பட்டதற்குக் காரணம் பயனரின் குழு விவரமா, பகிர்வுக்கு எழுதிய விதியா, அடியில் உள்ள கோப்பு முறைமையா என்பதைப் பாக்கெட் சொல்லாது. அந்த நெறிமுறையின் 3ஆம் பதிப்பான எஸ்எம்பி 3-இன் குறியாக்கம் இயங்கினால் அந்த மறுப்பையே படிக்க முடியாது. சர்வர் பக்கத்தில் அதற்கான சாவியைப் பெறுவதற்கும் சாம்பாவின் லாக்கைத்தான் நாட வேண்டியிருக்கிறது!

காரணத்தைச் சொல்வது டீபக் லாக்தான், அதை அளவறிந்து திறந்தால். லாக் எவ்வளவு விரிவாக எழுதப்பட வேண்டும் என்பதை எண்ணிட்ட நிலைகளால் அமைக்கலாம்; நிர்வாகிக்குப் பெரும்பாலும் 3ஆம் நிலை போதும். அதற்கு மேற்பட்டவை சாம்பாவை எழுதுவோருக்கானவை. 10ஆம் நிலையை எல்லாருக்கும் திறந்துவிட்டால் இன்னொரு சிக்கலும் சேரும்: லாக் கோப்பின் இயல்பான உச்ச அளவு 5000 கிலோபைட் மட்டுமே, அது நிறைந்ததும் பழைய கோப்பாக மாற்றப்படுகிறது, அதற்கு முந்தைய பழையது அழிகிறது, ஆகவே வேலை மிகுந்த சர்வரில் தேவையான வரிகள் நாம் பார்ப்பதற்குள் போய்விடும். இதைத் தவிர்க்க, உள்நுழைவைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மட்டும் நிலையை உயர்த்தலாம். அதைவிட நல்ல வழியும் உண்டு: ஒவ்வொரு கிளையன்ட் இணைப்புக்கும் சாம்பாவின் சேவை நிரலான எஸ்எம்பிடியின் தனிச் செயல்முறை இயங்குவதால், இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையில் அதன் எண்ணைக் கண்டறிந்து, இயங்கும் செயல்முறைக்கு ஆணை அனுப்பும் எஸ்எம்பிகன்ட்ரோல் மூலம் அந்த ஒன்றுக்கு மட்டும், சேவையை நிறுத்தாமலே, 10ஆம் நிலையைக் கொடுக்கலாம். லாக் கோப்பின் பெயரில் கிளையன்ட்டின் பெயரும் சேருமாறு அமைத்திருந்தால் பிறர் வரிகள் இடையில் கலப்பதில்லை.

வேகக் குறைவு என்ற புகாரில் நிலைமை தலைகீழாகிறது. விரிவான லாக் எழுதுவதே சர்வரை மந்தமாக்குவதால் அதில் தெரியும் தாமதங்களை நம்ப முடியாது. தொலைந்துபோய் மறுபடி அனுப்பப்பட்ட பாக்கெட்டுகள் சாம்பாவின் பார்வைக்கே வருவதில்லை. அங்கே டிசிபிடம்ப்தான் முதல் கருவி.

எஸ்ட்ரேஸுக்கு நான் கடைசி இடமே தருவேன். எந்தப் பாதையைத் திறக்கும்போது கர்னல் மறுத்தது என்பதை அது ஒரே வரியில் காட்டும். ஆனால் செயல்முறையை வெகுவாக மெதுவாக்கும், செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகளையும் சேர்த்துப் பின்தொடரச் சொல்லாவிட்டால் பாதியைத் தவறவிடும். சாம்பா தானே சேமித்து வைத்திருக்கும் விண்டோஸ் பாணி அனுமதிப் பட்டியலைப் பார்த்து மறுத்திருந்தால், கர்னல் அழைப்புகள் அனைத்தும் வெற்றி பெற்றதாகவே எஸ்ட்ரேஸில் தெரியும். அந்த மறுப்பின் காரணத்தைத் தேட வேண்டிய இடம் டீபக் லாக்.